ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்காவது ஆள்

என் நாட்குறிப்பில் ஒரு நாளைக்கு நான்கு வரிக்கு மேல் எழுதுவதில்லை. எழுந்த நேரம், வேலைக்குப் போன நேரம், வீட்டில் நடந்தது ஒன்று, ஊரில் நடந்தது ஒன்று. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த மின்வெட்டு வருடத்தில், ஒரு கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இரண்டு பக்கம் நிறைந்து மூன்றாம் பக்கத்து ஓரத்திலும் எழுத்து ஏறியிருக்கிறது. பாதிக்கு மேல் எண்கள்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கில் தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டே போகின்றன.

நான் அப்போது காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுத வேண்டும். வந்த வரிசைப்படி அனுப்ப வேண்டும். வேலை அவ்வளவுதான். பின்னால் வந்த வண்டி முன்னால் கிளம்ப நான் விட்டதில்லை. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "டைம் சார்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் இருந்திருக்கும்.

என் மனைவி பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலை ஐந்து மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். நாற்பத்தொரு வயதில் அவளுக்கு வலது காது மந்தமானது. இரண்டு வருடத்தில் முழுவதும் போயிற்று. அதன்பின் இடது காதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்கியது. சென்னையில் பார்த்த மருத்துவர், "இப்போதைக்கு இடது காது இருக்கிறது. அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். திரும்பி வந்த வாரமே அவள் வகுப்பை நிறுத்திவிட்டாள்.

"எந்தப் பிள்ளை சுருதி விலகுதுன்னு தெரியலைன்னா நான் எதுக்குங்க அங்க உக்காந்திருக்கணும்?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் தானாகவே வந்தது. எங்கே உட்கார்ந்தாலும் அவள் என் வலப்பக்கத்தில்தான் உட்காருவாள். அப்போதுதான் அவளுடைய இடது காது என் பக்கம் இருக்கும். பேருந்திலும் அப்படித்தான், கல்யாண வீட்டுப் பந்தியிலும் அப்படித்தான். மறந்து யாராவது இடையில் வந்து உட்கார்ந்துவிட்டால், ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து இடம் மாறுவாள்.

மார்கழி இசை விழாவுக்கு வருடம் ஒருமுறை சென்னைக்குப் போவோம். அவள் சிறு வயதிலிருந்து வானொலியிலும் ஒலிநாடாவிலும் கேட்டு வந்த ஒரு பாடகர் இருந்தார். வயதாகிவிட்டதால் அந்தச் சமயத்தில் அவர் விழாவில் ஒரே ஒரு நாள்தான் பாடுவார். முந்திய வருடம் எங்களுக்குக் கடைசி வரிசைகளில்தான் இடம் கிடைத்தது. திரும்பி வரும்போது பூந்தமல்லி தாண்டியதும் வழக்கம்போலக் கேட்டேன்.

"எப்படி இருந்துது?"

"நல்லா இருந்துது."

எனக்கு அது சரியாகப் படவில்லை. எந்தக் கச்சேரிக்குப் போய் வந்தாலும் குறைந்தது மூன்று குறை சொல்லாமல் இருக்க மாட்டாள். மிருதங்கம் தாளத்தை விட்டு முன்னால் ஓடிவிட்டது என்பாள், பல்லவியை நீட்டிவிட்டார் என்பாள். ஊர் வந்து சேரும்வரை அதுதான் பேச்சு. அன்றைக்கு ஒன்றுமே இல்லை. சுங்குவார்சத்திரத்தில் வண்டி நின்றபோதுதான் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலைங்க. அவர் கையைப் பாத்து தாளம் போட்டுக்கினு இருந்தேன். பக்கத்துல இருந்த அம்மா தலையாட்டும்போது நானும் ஆட்டினேன்."

அன்றைய நாட்குறிப்பில் வீட்டில் நடந்ததற்கான மூன்றாவது வரியை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு விழாக்காரர்கள் ஒரு மாற்றம் செய்தார்கள். அந்தப் பாடகரின் கச்சேரிக்கு இனிமேல் நேரில் சீட்டுக் கிடையாது, எல்லாம் இணையத்தில்தான், ஒருவருக்கு இரண்டு இடம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குத் திறக்கும் என்று அறிவித்தார்கள். கூட்டம் அதிகம் என்பதால் வலைத்தளத்திலேயே வரிசை ஒன்று இருக்கும். முறை வரும்போது உள்ளே விடுவார்கள். இதைப் படித்ததும் எனக்கு நிம்மதிதான் ஏற்பட்டது. வரிசை என் தொழில். ஒழுங்காக நின்றால் கிடைத்துவிடும்.

எந்த இடம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதல் எட்டு வரிசைக்குள் இருக்க வேண்டும். மேடை அவளுடைய இடது காதின் பக்கம் வரும்படி இருக்க வேண்டும். முந்திய நாளே ஒரு துண்டுத்தாளில் எழுதிவைத்தேன்: "பாடகருக்கு இடப்புறம். எட்டு வரிசைக்குள். இரண்டு இடம், சேர்ந்து." எங்கள் ஊரில் இடம் வலம் சொல்வது அப்படித்தான். தாயார் சன்னிதி பெருமாளுக்கு எந்தப் பக்கம், தீபம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் உள்ளே நிற்கும் சுவாமியின் கைக்கணக்கு. வெளியே நின்று கும்பிடுகிறவனின் கைக்கு அங்கே கணக்கு இல்லை. நானும் யோசிக்காமல் அதே கணக்கில் எழுதினேன்.

அறிவிப்பில் வெள்ளிக்கிழமை என்று பார்த்ததும் அவள் நாள்காட்டியைப் பார்த்தாள். நான் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். மின்வெட்டோ எங்கள் பகுதிக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு, பெரிய காஞ்சிபுரத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இரண்டு.

"பத்தரைக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க" என்றாள் அவள். "ராகு காலத்துல எதையும் தொடங்கக் கூடாது."

"அவங்க திறக்கறதே பத்தரைக்குதான்."

"அவங்க எப்பவோ திறக்கட்டும். நீங்க முன்னாடியே போய் நில்லுங்க."

பெரிய காஞ்சிபுரத்தில் பேருந்து நிலையத்துக்கு அருகில், ஒரு சரிகைக் கடையின் மாடியில் பாய் ஒருவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். என் வயதுக்காரர். அதே இடத்தில் முன்பு தொலைபேசிக் கூண்டு வைத்திருந்தபோதே பழக்கம். வியாழக்கிழமை சாயங்காலம் அவரிடம் போனேன்.

"பாய், நாளைக்கு எனக்கு ஒரு மிஷின் வேணும். காலையில பத்து மணியில இருந்து."

"எது வரைக்கும் சார்?"

"தெரியாது."

"டைம் சாருக்கே டைம் தெரியாதா? இதை இன்னைக்கு எழுதி வெச்சுக்கணும்" என்று சிரித்தார். பிறகு விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "வெள்ளிக்கிழமை பன்னெண்டே காலுக்கு நான் தொழுகைக்குக் கிளம்பிடுவேன். கடையைச் சாத்திடுவேன். தெரியும் இல்ல?" என்றார்.

"அதுக்குள்ள முடிஞ்சிடும்."

"இன்ஷா அல்லா" என்றார்.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு. ஒன்பது ஐம்பத்தைந்துக்கு மாடியேறினேன். ஆறு கம்ப்யூட்டர்களில் சுவர் ஓரமாக இருந்ததை எனக்குக் கொடுத்தார் பாய். பத்து இருபதுக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தோம். "காத்திருக்கும் அறைக்குள் வந்துவிட்டீர்கள். பத்தரை மணிக்கு உங்கள் எண் தெரியும். பக்கத்தை மூடாதீர்கள், புதுப்பிக்காதீர்கள், செய்தால் இடம் போய்விடும்" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ராகு காலத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே தொடங்கியாயிற்று. வீட்டுக்குப் போன் செய்து அதைச் சொன்னேன்.

சரியாகப் பத்தரைக்குத் திரையில் எண் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். கீழே சிறிய எழுத்தில் விளக்கம் இருந்தது. திறப்பதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லோருக்கும் குலுக்கல் முறையில் எண் தரப்படும்.

"இது என்ன நியாயம் பாய்? நான் பத்து இருபதுக்கே வந்துட்டேன். பத்து இருபத்தொன்பதுக்கு வந்தவன் எனக்கு முன்னாடி இருப்பான்."

"இருப்பான் சார்."

"அப்ப முன்னாடி வந்ததுக்கு என்ன மதிப்பு?"

"குலுக்கிப் போட்டா யார் மேலயும் கோவப்பட முடியாது இல்ல சார்? உங்க பஸ் ஸ்டாண்டுல இருக்கிற சண்டை இங்க இல்லை பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார்.

கோபப்பட ஆள் இல்லாததால் நான் நாட்குறிப்பைத் திறந்து எண்களை எழுதத் தொடங்கினேன். பத்தே முக்காலுக்கு ஆயிரத்து எழுநூற்று நான்கு. அதாவது நிமிடத்துக்குப் பதினான்கு பேர். இந்தக் கணக்கில் போனால் என் முறை பன்னிரண்டு நாற்பத்தேழுக்கு வரும். மின்சாரம் பன்னிரண்டுக்குப் போய்விடும். பாயிடம் யு.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன். ஒரே மிஷின் என்றால் இருபத்தைந்து நிமிடம் என்றார். இருபத்திரண்டு நிமிடம் குறைந்தது. நான் போட்டது கூட்டல் கழித்தல் கணக்குதான், ஆனாலும் மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

பதினோரு மணிக்கு மேல் வாலாஜாபாத் வண்டி ஓட்டுநர் ஒருவர் மாடியேறி வந்தார். ஓட்டுநர்களில் வாய் அதிகமானவர்.

"டைம் சார் லீவுன்னாங்க. நம்பலை. கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றவர், என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, நம்பர் குறைஞ்சிக்கினே வருது?"

"வரிசை."

"இன்னா வரிசை? ஆளையே காணோமே."

"எல்லாம் அவங்கவங்க ஊர்ல உக்காந்திருக்காங்க. பாட்டுக் கச்சேரிக்கு."

ஓட்டுநருக்கு முகம் மலர்ந்தது. "சார், பதினஞ்சு வருஷமா எங்களை வரிசையில நிக்க வெச்சீங்க. இப்ப உங்களையும் ஒருத்தன் நிக்க வெச்சுட்டான். ஆண்டவன் இருக்கான் சார்."

பாய் சத்தமாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஓட்டுநர் விசைப்பலகையைக் காட்டி, "இதுல எதையாவது தட்டினா சீக்கிரம் போகாதா?" என்று விரலை நீட்ட, நானும் பாயும் ஒரே குரலில் கத்தினோம். அவர் கையை உதறிக்கொண்டார். "தொட்டா ஷாக் அடிக்குமா? நான் வரேன் சாமி" என்று கீழே இறங்கிப் போய்விட்டார்.

பதினொன்றே காலுக்கு ஆயிரத்து இருநூற்று இருபத்து நான்கு. பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு வரும். பதினொன்றே முக்காலுக்கு அறுநூற்று எண்பத்து நான்கு. பன்னிரண்டு இருபத்து மூன்று. காத்திருக்க முடியாமல் சிலர் வரிசையை விட்டுப் போயிருக்க வேண்டும், வேகம் கூடிக்கொண்டே வந்தது. முன்னால் நின்றவர்களில் யாருக்காவது என் வீட்டைப் போல ஒரு காரணம் இருந்திருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை எழுதவில்லை. எண்ணை எழுதினேன்.

பன்னிரண்டு மணி இரண்டு நிமிடத்துக்கு மின்விசிறி நின்றது. யு.பி.எஸ். கூவத் தொடங்கியது. பாய் மற்ற ஐந்து மிஷின்களையும் மளமளவென்று அணைத்தார். "சாயங்காலம் வாங்கப்பா, இன்னிக்கு ஒருத்தருக்குத்தான் கரண்ட்" என்று அங்கே இருந்த இரண்டு கல்லூரிப் பையன்களை அனுப்பினார். பிறகு என்னிடம் வந்தார்.

"சார், கரண்ட்டை அதிகமா சாப்பிடறது இந்த டி.வி. பெட்டிதான். வரிசை உள்ள ஓடிக்கினுதானே இருக்குது? இதை மட்டும் அணைச்சுட்டா இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் தாங்கும். அப்பப்ப போட்டுப் பாத்துக்கலாம்."

"அணைச்சா வரிசை போயிடாதே?"

"கண்ணை மூடிக்கினா பஸ் போயிடுமா சார்?"

அணைத்தார். இருட்டிப் போன கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. வரிசையில் நிற்கிறேன், ஆனால் வரிசை தெரியவில்லை. நிமிடக் கணக்கில் மட்டும் அது நகர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பத்துக்குத் திரையைப் போட்டோம். நூற்று நாற்பது. அணைத்தோம்.

பன்னிரண்டே காலுக்குப் பாய் தொப்பியை எடுத்தார். நானும் எழுந்தேன். கடை அவருடையது, வெள்ளிக்கிழமையும் அவருடையது.

"எங்க எழுந்துக்கறீங்க? உக்காருங்க சார்" என்று சாவிக்கொத்தை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். "நான் வர்ற வரைக்கும் நீங்கதான் ஓனர். யாராவது வந்தா கரண்ட் இல்லைன்னு சொல்லுங்க. உங்களுக்கு அதுக்குச் சொல்லித் தரணுமா, 'வண்டி இல்லை'ன்னு சொல்ற மாதிரியே சொல்லுங்க."

அவர் இறங்கின படிக்கட்டில் அடுத்த நிமிடம் என் மனைவி ஏறி வந்தாள். டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கையில் டிபன் பாக்ஸ். வீட்டில் இருக்க முடியவில்லை என்று அவள் சொல்லாமலேயே தெரிந்தது. பாய் உட்கார்ந்திருந்த ஸ்டூல் எனக்கு இடப்பக்கத்தில் இருந்தது. அதில் உட்கார்ந்தாள்.

திரையைப் போட்டேன். எண் இல்லை. "உங்கள் முறை வந்துவிட்டது" என்று இருந்தது. பத்து நிமிடக் கடிகாரம் ஒன்று ஓடத் தொடங்கியிருந்தது. ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி. என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு பதினேழு.

அரங்கத்தின் படம் விரிந்தது. மேலே மேடை, கீழே வரிசை வரிசையாகக் கட்டங்கள். விற்றுப்போனவை சாம்பல் நிறம். துண்டுத்தாளைப் பார்த்தேன். இடப்புறம். படத்தின் இடப்பக்கத்தில் நான்காவது வரிசையிலேயே இரண்டு கட்டங்கள் பச்சையாக இருந்தன. நான்காவது வரிசை! அழுத்தினேன். உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிறோம், உறுதி செய்யவா என்று கேட்டது.

"என்னங்க? கிடைச்சுதா?" என்றாள்.

"நாலாவது வரிசை" என்றேன்.

"என்ன?"

"நாலாவது வரிசை!"

"கேக்கலைங்க. இந்தக் கூவல் வேற." யு.பி.எஸ். விடாமல் கூவிக்கொண்டிருந்தது. அவள் எழுந்தாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் சுற்றி வந்து, சுவரோரம் இருந்த அட்டைப் பெட்டியைக் காலால் தள்ளி, என் வலப்பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப சொல்லுங்க."

மவுஸின் மேல் இருந்த என் விரல் அப்படியே நின்றது.

அவளுக்கு என் பேச்சுக் கேட்க வேண்டுமானால் அவள் எனக்கு வலப்பக்கம் வர வேண்டும். மேடையின் பாட்டுக் கேட்க வேண்டுமானாலும், மேடையைப் பார்த்து உட்காரும்போது அவள் அரங்கின் வலப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் இடது காது மேடைப் பக்கம் இருக்கும். நான் பிடித்து வைத்திருந்ததோ இடப்பக்கம். பாடகருக்கு இடப்புறம் என்று நான் எழுதியது சரிதான். ஆனால் பாடகர் நம்மைப் பார்த்து உட்காருகிறார். இந்தப் படமோ கீழே உட்கார்ந்து பார்க்கிறவனுக்காகப் போட்ட படம். சன்னிதிக்குள் இருப்பவரின் கைக்கணக்கை எடுத்துக்கொண்டு, வாசலில் நிற்கிறவனின் கையால் அழுத்தியிருக்கிறேன். நான்காவது வரிசையில், செத்துப்போன காதை மேடைக்குக் காட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்திருப்பாள். மறுபடி பக்கத்து அம்மாளைப் பார்த்துத் தலையாட்டியிருப்பாள்.

"தப்பான பக்கம்" என்றேன். திரையில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் ஒரு நொடியில் புரிந்துகொண்டாள்.

"விட்டுடுங்க" என்றாள்.

"விட்டா இதுவும் போயிடும். அந்தப் பக்கம் இருக்குமான்னு தெரியாது."

"இருந்து என்ன பண்றதுங்க இதை வெச்சிக்கினு? விட்டுடுங்க."

விட்டேன். அந்த இரண்டு கட்டங்களும் பச்சையாகி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பலாயின. ஐந்து நிமிடம் ஐம்பது விநாடி. வலப்பக்கத்தில் நான்காவது வரிசை முழுவதும் சாம்பல். ஐந்து, சாம்பல். ஆறாவது வரிசையில் ஒரே ஒரு கட்டம். அவள்தான் முதலில் பார்த்தாள். "ஏழு. ஏழுல பாருங்க, நடைபாதை ஓரமா." இரண்டு கட்டங்கள், சேர்ந்து. அழுத்தினேன். பிடித்து வைத்திருக்கிறோம் என்றது.

பெயர், வயது, வங்கி அட்டையின் பதினாறு எண்கள். எண்களை நான்கு நான்காகப் பிரித்து ஏற்கெனவே எழுதிவைத்திருந்தேன். அவள் படித்தாள், நான் அடித்தேன். பொத்தானை அழுத்தியதும் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. அது எவ்வளவு நேரம் சுற்றியது என்று குறிக்கவில்லை. அன்று நான் குறிக்காமல் விட்ட நேரம் அது ஒன்றுதான். நின்றபோது வாழ்த்துச் சொல்லி ஒன்பது எழுத்தில் ஓர் உறுதிக் குறியீடு வந்திருந்தது.

அச்சுப்பொறிக்கு மின்சாரம் இல்லை. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல நான் எழுதினேன். பிறகு நான் படிக்க அவள் திரையோடு ஒப்பிட்டாள். இன்னொரு முறை எழுதலாம் என்று பேனாவை வைத்தபோது யு.பி.எஸ். நீளமாக ஒரு முறை ஊதியது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. பன்னிரண்டு இருபத்தாறு.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. கீழே சரிகைக் கடையில் யாரோ தராசுத் தட்டை வைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்டிருக்காது. நான் நாற்காலியில் சாய்ந்தேன். முதுகு முழுவதும் நனைந்திருந்தது.

"ராகு காலம் பன்னெண்டுக்கு முடிஞ்சிடுச்சு" என்றாள் அவள். "ஆரம்பிச்சது அதுக்கு முன்னாடி. வாங்கினது அதுக்கு அப்புறம். நடுவுல சும்மா காத்துக்கினுதானே இருந்தீங்க, அதுக்கு ஒண்ணும் இல்லை."

பாயின் சாவி எங்களிடம் இருந்ததால் கிளம்ப முடியாது. சன்னல் ஓரம் உட்கார்ந்து, புளிசாதத்தில் பாதியைச் சாப்பிட்டோம். பாதியை வைத்தோம். ஒன்று இருபதுக்குப் பாய் வந்தார். வாசலிலேயே நின்று எங்களைப் பார்த்தார்.

"கேக்கவே வேணாம். டைம் சாருக்குப் பல் இருக்குதுன்னே எனக்கு இன்னிக்குதான் தெரியும்."

அவள் டிபன் பாக்ஸை நீட்டினாள். "உக்காந்து சாப்பிடுங்க பாய். இன்னும் கரண்ட் வரலை."

இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு மின்சாரம் வந்தது. மின்னஞ்சலில் சீட்டு வந்திருந்தது. நான் எழுதிவைத்த ஒன்பது எழுத்தும் சரியாக இருந்தன. அச்சிட்ட தாளை நாட்குறிப்புக்குள் வைத்துக்கொண்டு, இரண்டே காலுக்குப் போய் வேலையில் உட்கார்ந்தேன். வாலாஜாபாத் ஓட்டுநர் வண்டியிலிருந்தபடியே, "இன்னா சார், உங்க வண்டி வந்துச்சா?" என்றார். வந்தது என்றேன்.

குலுக்கலைப் பற்றிய என் எண்ணம் அந்த வாரத்திலேயே மாறிவிட்டது. முதலில் வந்தவனுக்கு முதல் எண் என்று வைத்திருந்தால், வேகமான இணைப்பும் தடையில்லாத மின்சாரமும் உள்ளவர்கள் எங்களைத் தாண்டி எப்போதோ போயிருப்பார்கள். குலுக்கல் அவர்களையும் எங்களையும் ஒன்றாக வைத்துத்தான் ஓர் எண்ணைக் கொடுத்தது, இரண்டு மணி நேரத்துக்குள் முறை வந்ததைப் பார்த்தால் அவ்வளவு மோசமான எண்ணும் இல்லை. பேருந்து நிலையத்தில் மட்டும் நான் பழைய முறையையே வைத்துக்கொண்டேன்.

கச்சேரி மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு. ஏழாவது வரிசையில் நடைபாதை ஓரத்து இடம் மேடைக்கு நேராகத் திறந்திருந்தது. அதை அவளுக்குக் கொடுத்தேன். அதனால் பல வருடங்களில் முதல் முறையாக நான் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். இரண்டே முக்கால் மணி நேரம் நான் சொன்ன எதுவும் அவள் காதில் விழவில்லை. இரண்டு தடவை ஏதோ சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு பேசாமல் இருந்துவிட்டேன். அவள் பாடகரின் கையைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். பாதி நேரம் கண்ணை மூடியிருந்தாள். அவள் விரல்கள் மடியில் தாமாகத் தாளம் போட்டன.

அவளுடைய இடது காது, மருத்துவர் பயந்ததைவிடச் சில வருடம் கூடுதலாகவே தாங்கியது. அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது.

திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. பேருந்தில் சன்னல் ஓரம் நான், எனக்கு வலப்பக்கம் அவள். பூந்தமல்லி தாண்டும்வரை பொறுத்துக்கொண்டேன். கேட்க வாயெடுக்கும் முன்னால் அவளே தொடங்கினாள்.

"அந்த வயலின்காரருக்கு ரெண்டாவது பாட்டுல இருந்தே ஒரு தந்தி இறங்கிப் போயிருந்துது. திருத்திக்கவே இல்லை மனுஷன்."

"அப்படியா?"

"அப்படியாவா? தோடியில மேல போகும்போது அவருக்கே ஓர் இடத்துல மூச்சு பத்தலை. வயசு ஆயிடுச்சு, அது பரவாயில்லை. ஆனா தனி ஆவர்த்தனத்தை அவ்வளவு நேரம் விட்டிருக்க வேணாம். மிருதங்கம் ஓடிப் போயிடுச்சு."

ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை வயலின். சுங்குவார்சத்திரம் வரும்வரை மிருதங்கம். அங்கே வண்டி நின்றபோது, நான் சும்மா இருக்காமல், "எல்லாம் நல்லாத்தானே இருந்துது?" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்குக் காது இருக்குதா இல்லையா?"